மெழுகுவர்த்தி வகையில் நட்டம்

10 ரூபாய் மெழுகுவர்த்தியை 20 ரூபாய்க்கு விற்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வணிகர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் அனுபவம் எழுத உட்கார்ந்தால், தாங்கள் செய்த நல்ல காரியங்களையே வரிசையாக எழுதுவார்கள். படிக்கிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

மன்னார்குடி கடைத்தெருவில் எனக்கு ஒரு ஸ்டேஷனரி கடை. அப்பா காலத்துக் கடை. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், மற்ற நாளில் பேனா, பேட்டரி, டார்ச் லைட், மெழுகுவர்த்தி. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, நடுராத்திரி தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. கடல் எங்கேயோ இருக்கிறது, நமக்கு மழைதான் வரும் என்று படுத்தவர்கள் நாங்கள். விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் கூரைத் தகரம். விளம்பரப் பலகைகள் கம்பியோடு சுருண்டு கிடந்தன. மின்கம்பங்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. எல்லா மாவட்டங்களையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேலான கம்பங்கள் விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். டவுனுக்குள் கரண்ட் வர நாங்கள் நாளை எண்ணினோம்; சுற்றுக் கிராமங்களில் வாரத்தை எண்ணினார்கள்.

சனிக்கிழமை காலை ஷட்டரைப் பாதி தூக்கியதுமே ஆட்கள் வந்துவிட்டார்கள். கையில் இருந்தது மூன்று பெட்டி. சாலையெல்லாம் மரம் கிடக்கிறது, அடுத்த சரக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. “இருபது ரூபா” என்று வாயில் வந்துவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

அப்போது எங்கள் சங்கத்துக்குத் தலைவர் இரும்புக்கடை அண்ணன். ஊருக்குப் பெரிய சங்கம் தனி. நான் சொல்வது எங்கள் தெருவில் எண்பது கடைக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சின்னச் சங்கத்தை. லுங்கியை மடித்துக் கட்டி, கையில் அரிவாளோடு வந்தார். விடியற்காலையிலிருந்து மரம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“என்னாப்பா வெலை?”

“இருபதுண்ணே.”

“எத்தினி கெடக்கு?”

எண்ணிப் பார்த்தால் 174. மடியிலிருந்து 3,480 ரூபாயை எடுத்து எண்ணிக் கொடுத்தார். பேரம் பேசவில்லை, திட்டவில்லை. என் கடைக்குள்ளிருந்தே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, என் வாசலிலேயே போட்டு உட்கார்ந்தார். “ஒண்ணு பத்து ரூபா. வீட்டுக்கு நாலுதான், அதுக்கு மேல கேக்கக் கூடாது.” அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. நான் உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலமே ஊருக்குள் பந்தலடி என்கிற இடத்தில் ஒரு கரும்பலகை வந்தது. தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, பால், அரிசி, தக்காளி, குடிதண்ணீர்க் கேன் என்று விலை எழுதி வைத்தார்கள். யார் கூடுதலாக விற்றார் என்று பெயர் எழுதவில்லை. விலை மட்டும்தான். பலகையைப் பார்த்துவிட்டு வந்த ஆள் கடையில் பேச வேண்டியதில்லை, விரலை அந்தப் பக்கம் காட்டினால் போதும். விலைப் பட்டியலும் ‘வீட்டுக்கு இத்தனை’ என்ற கணக்கும் முதல் நாளே வந்துவிட வேண்டும். இரண்டாம் நாள் போட்டால் அதற்குள் ஆளாளுக்கு ஒரு விலை சொல்லி, அதை நியாயப்படுத்தவும் பழகியிருப்பார்கள். நான் ஒரே காலையில் பழகியவன், எனக்குத் தெரியும்.

மைக்செட்காரர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்தார். எலக்ட்ரிகல் கடைக்காரர் ஜங்ஷன் பாக்ஸ் கொடுத்தார். கிராமத்து ஆட்கள் போனை சார்ஜ் போட சைக்கிளில் வந்தார்கள். நூறு கறுப்பு போன் ஒரே மாதிரி கிடக்கிறது, எது யாருடையது? தையல்கடை அண்ணன் தன் டோக்கனை எடுத்து வந்தார். துணியில் ஊசி குத்தி மாட்டுகிற அதே எண் சீட்டு. பாதி போனில் ரப்பர் பேண்டோடு, பாதி ஆள் கையில். ஒரு போன்கூட மாறவில்லை. ஜெனரேட்டர் பெரிய உதவி என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த டோக்கன்தான் நினைவில் நிற்கிறது. கடைத்தெருவில் இப்படி ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாமான், ஒரு பழக்கம் இருக்கும். அதை வெளியே எடுக்க வைப்பதுதான் சங்கம் செய்கிற வேலை.

சங்கம் என்றால் கடையடைப்பு என்றுதான் ஊர் நினைக்கிறது. அதிலும் நியாயம் உண்டு. காவிரிக்காக நாங்கள் ஷட்டரை இறக்கியிருக்கிறோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் எங்கள் கல்லாவிலும் வரும். ஆனால் அடைப்பது சுலபம், ஒரு நோட்டீஸ் போதும். ஒரு மோசமான நாளில் எண்பது பேரையும் திறக்க வைத்து, ஒரே விலைக்கு விற்க வைப்பதற்கு அண்ணன் மாதிரி ஒருவர் வாசலில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

மறு வருஷம் என்னைப் பொருளாளராக்கினார்கள். காரணம் நேர்மை அல்ல. “ஸ்டேஷனரிக்காரன், நோட்டு சும்மா கெடைக்கும்” என்று ஒருவர் சொன்னார், கூட்டம் சிரித்தது, தீர்மானம் நிறைவேறியது. பழைய கணக்கு நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அன்றிரவு கடையிலேயே உட்கார்ந்து புரட்டினேன். ஒரு பக்கத்தில் இப்படி ஒரு வரி:

“17.11.18. மெழுகுவர்த்தி வாங்கி விற்ற வகையில் நட்டம் 1,740.”

என் பெயர் இல்லை. கடைப் பெயரும் இல்லை. யாரிடம் வாங்கினார் என்ற பேச்சே இல்லை. அந்த மாதக் கணக்கிலேயே 1,740 ரூபாயை வரவு வைத்தேன். என்ன வகை என்று எழுதுவது? ரொம்ப நேரம் யோசித்து “மேற்படி நட்டம் ஈடு” என்று எழுதினேன். அண்ணன் கையெழுத்துப் போடும்போது அந்த வரியில் ஒரு நொடி விரலை வைத்தார். பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அந்தப் பையில் இன்னொரு பூதமும் இருந்தது. எங்கள் சங்கம் 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். சிரமம் அதற்குப் பிறகுதான். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, நிர்வாகிகள் பட்டியலோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் நாலு வருஷம் கொடுக்கவில்லை. யாரும் பணத்தைத் தின்றுவிடவில்லை, சோம்பல், அவ்வளவுதான். வங்கியில் கையெழுத்து மாற்றப் போனபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. தாமதக் கட்டணம், ஆடிட்டர், அலைச்சல் என்று எனக்கு ஆறு மாதம் போயிற்று. சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் மாலையும் சால்வையும் வாங்கும் முன் கடைசியாகத் தாக்கல் செய்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

பணத்தில் நாங்கள் பட்டுத் தெளிந்தது இரண்டு விஷயம். ஒன்று, வரவு செலவை மாதம் ஒரு தாளில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுவது. அலுவலகத்தில் ஒட்டினால் யாரும் வர மாட்டார்கள். டீக்கடையில் ஒட்டினால் வடையைக் கடித்துக்கொண்டே “அதென்னா ஆட்டோ வாடகை 300?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால் முதுகுக்குப் பின்னால் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது.

இரண்டு, சந்தா கேட்கிற மாதம். முன்பெல்லாம் ஆடியில் கேட்டோம். ஆடியில் இங்கே யார் கையில் காசு இருக்கும்? டெல்டாக் கடைக்காரனின் பஞ்சாங்கம் மேட்டூரில் இருக்கிறது. ஜூன் 12இல் அணை திறந்தால் குறுவை உண்டு. ஐப்பசி வாக்கில் கொஞ்சம் புழங்கும். திறக்காவிட்டால் சம்பாவை நம்பித் தை வரைக்கும் கடன் நோட்டுதான். 2012இலிருந்து எட்டு வருஷம் அந்தத் தேதி தவறிக்கொண்டே போய், 2020இல்தான் மறுபடி ஜூன் 12இல் திறந்தார்கள். அந்த எட்டு வருஷமும் எங்கள் சந்தாப் பாக்கிப் பட்டியலும் நீண்டுகொண்டே போனதை நோட்டில் பார்க்கலாம். இப்போது தை கடைசி, மாசி. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்து, விவசாயி கடைப் பாக்கியைத் தீர்த்த பிறகு நாங்கள் ரசீதுப் புத்தகத்தோடு கிளம்புகிறோம். முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள்.

ஆண்டுவிழாக்களில் ஒரு பேச்சாளர் வருவார், தவறாமல் சோழர் காலத்து ஐந்நூற்றுவரையும் மணிக்கிராமத்தாரையும் இழுப்பார். அந்தக் காலத்திலேயே வணிகர் குழு இருந்தது, அவர்கள் ஊரைக் காத்தார்கள் என்று ஒரு மணி நேரம். எனக்குக் கணக்கு வாசிக்க ஐந்து நிமிஷம் மிஞ்சும். ஒருமுறை மட்டும் அவர் சொன்ன ஒன்று காதில் விழுந்தது. கோயிலில் நந்தா விளக்கு அணையாமல் எரிய ஆடுகளைக் கொடுப்பார்களாம். அந்த ஆடுகளைக் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதுவார்களாம். ஆடு சாகாதா, கிழமாகாதா? அப்படியில்லை. குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே வர வேண்டும், மந்தை குறையக் கூடாது. நெய் மட்டும்தான் கோயிலுக்கு. கூட்டம் முடிந்து கீழே இறங்கியதும் அண்ணனிடம் சொன்னேன்: “நம்ம வைப்பு நிதிய இனிமே தொடக் கூடாதுண்ணே. வட்டிதான் செலவு.” அவர் சிரித்தார். ஆனால் தீர்மானம் போட்டோம். இன்றைக்கும் அந்தக் கணக்குக்கு எங்களுக்குள் பெயர் ஆட்டுக் கணக்கு.

இனி வெண்ணெய்க்கு வருகிறேன். எங்கள் ஊரில் சங்கத்துக்கு உண்மையான பரீட்சை அதுதான்.

ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனிப் பெருவிழா 18 நாள். பதினாறாம் நாள் வெண்ணெய்த்தாழி. ராஜகோபாலன் கையில் வெண்ணெய்க் குடத்தோடு தவழும் கண்ணனாகப் பல்லக்கில் வருவார், ஜனங்கள் வெண்ணெயை அவர் மேல் வீசுவார்கள். வீதிகளைச் சுற்றி, பந்தலடி, காந்தி சாலை வழியாக வெண்ணெய்த்தாழி மண்டபத்துக்குப் போவார். அன்றிரவு வெட்டுங்குதிரை வாகனம், மறுநாள் தேர். வழியெல்லாம் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெண்ணெய் விற்பார்கள். கிண்ணத்தோடு சேர்த்து வீசுகிற கைகளும் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. அந்தப் பங்குனிக்குத் தொன்னைக்கு மாறுவது என்று சங்கத்தில் முடிவெடுத்தோம். முடிவெடுப்பதற்கு என்ன? மொத்தமாகத் தொன்னை வாங்கி, விற்கிறவர்களுக்கு அடக்க விலைக்குக் கொடுத்துவிட்டோம்.

பங்குனி வெயிலை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. விடியற்காலையிலேயே நிரப்பி அடுக்கி வைத்த தொன்னைகளில் எட்டு மணிக்குமேல் வெண்ணெய் இளகி, இலை மடிப்பு வழியாக ஒழுக ஆரம்பித்தது. வாங்கினவர் முழங்கை வரை நெய். ஒரு விற்கிற அக்கா என் முகத்துக்கு நேரே ஒரு தொன்னையை நீட்டி, “இதத் தூக்கிப் போட்டா சாமி மேல விழுமா, என் மேல விழுமா தம்பி?” என்று கேட்டார். பதில் இல்லை.

வழி சொன்னவர் ஒரு பால்கடைக்காரர். வெண்ணெயை முன்கூட்டியே தொன்னையில் வைக்கவே கூடாது. அண்டாவில் ஐஸ் போட்ட தண்ணீர், அதில் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகள் மிதக்க வேண்டும். கேட்கும்போது கையை நனைத்துக்கொண்டு எடுத்துத் தொன்னையில் போட்டுக் கொடுக்க வேண்டும். கை நனைந்திருந்தால் ஒட்டாது. பள்ளிக்கூடப் பாடம் மாதிரி அவர் செய்து காட்டினார், மறு முறை அப்படித்தான். சங்கச் செலவில் ஐஸ் மட்டும் வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த சிக்கல் சாலை. அத்தனை வெண்ணெயும் சாமி மேலேயா விழுகிறது? தார் ரோட்டில் விழுந்து மிதிபட்டு, வெயிலில் இளகி, கண்ணாடி மாதிரி வழுக்கும். கூட்டம் போன பிறகு பைக்கில் வந்த ஒரு பையன் என் கடை எதிரிலேயே விழுந்தான், முழங்கை பெயர்ந்தது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். நான் அனுபவித்துச் சொல்கிறேன், ஊற்றியதே நான்தான். மரவாடியிலிருந்து மரத்தூள் மூட்டை கொண்டுவந்து தூவ வேண்டும், கால் மணி நேரம் விட்டுக் கூட்டி அள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். இப்போது பங்குனி பிறந்ததுமே மரவாடிக்காரரிடம் மூட்டை சொல்லிவைத்துவிடுவோம். கடைக்கு ஒரு மூட்டை, தன் வாசல் தன் பொறுப்பு.

ராத்திரிக்குள் தெருவைச் சுத்தம் செய்யத் தூய்மைப் பணியாளர்கள் கூடுதல் நேரம் உழைக்கிறார்கள். முதலில் டிபன் பொட்டலமும் ஒரு துண்டும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டோம். எனக்கு அது கூச்சமாக இருந்தது. பொன்னாடையை வைத்து யார் அரிசி வாங்க முடியும்? இப்போது ஆளுக்கு ஒரு நாள் கூலி கவரில் வைத்துக் கொடுக்கிறோம், போட்டோ கிடையாது. சங்கத்தில் சிலருக்கு இதில் இன்னும் மனக்குறைதான், வாட்ஸ்அப்பில் போட ஒன்றும் இல்லையே என்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வேண்டும். ஆளாளுக்கு அலையாமல், தொழிலாளர் துறையிடம் எழுதிக் கொடுத்துத் தெருவிலேயே ஒரு நாள் முகாம் போட வைத்தோம். சின்ன வேலை, ஆனால் சங்கத்துக்குச் சந்தா கொடுக்காதவர்களும் அதற்குப் பிறகுதான் கொடுத்தார்கள். வணிகர் நல வாரியம் 1989இலிருந்து இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. எங்கள் தெருவில் வளையல் கடை வைத்திருந்தவர் திடீரென்று போனபோது, அவர் உறுப்பினராகவே இல்லை என்பது தெரிந்தது. விண்ணப்பம் என் கடையிலேயே கட்டாகக் கிடந்தது. “அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று அவர் சொன்னார், நானும் சரி என்றேன். இப்போது நானே படிவத்தை நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்குகிறேன்.

தரைக்கடைக்காரர்கள் விஷயத்தில் எனக்கும் சங்கத்துக்கும் ஒத்துப்போனதே இல்லை. அவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும் என்பார்கள். அதே ஆட்கள்தான் திருவிழா நாளில் தங்கள் வாசலைத் தரைக்கடைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். 2014ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் உரிமை கொடுத்திருக்கிறது, பேசித்தான் இடம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. பூக்கார அம்மாவுக்கும் கொய்யாப்பழக்காரருக்கும் மட்டும் என் வாசலில் நிரந்தர இடம். வாடகை கிடையாது. வெயிலுக்குக் கடை முன்னால் கொட்டகை போட்டபோது இரண்டு அடி கூடுதலாக நீட்டச் சொன்னேன்.

கடைசியாக எடுத்த விஷயம் கழிப்பறை. ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை பார்க்கிற பெண்கள் எத்தனையோ பேர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்ட பிறகு எங்கள் தெருவில் ஸ்டூல்கள் வந்தன. சிலவற்றில் இன்னமும் துணி மூட்டைதான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் வேலைக்கு வந்தால் தண்ணீரே குடிப்பதில்லை என்பது என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏழு வருஷம் சங்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. காரணம், எங்கள் செயற்குழுவில் ஒரு பெண்கூட இல்லை.

தீர்மானம் வந்தபோது புதிதாகக் கட்ட இடம், நிதி, அனுமதி என்று இரண்டு கூட்டம் போயிற்று. மூன்றாவது கூட்டத்துக்குத் தையல்கடை அக்காவையும் பாத்திரக்கடையில் பில் போடுகிற பெண்ணையும் கூப்பிட்டோம். பில் போடுகிற பெண் ஒரே வார்த்தையில் முடித்தாள்: “கட்டவெல்லாம் வேணாம் சார். இருக்குறதத் தெறந்து விடுங்க.” தெருவில் ஏற்கெனவே ஆறு கடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, முதலாளிகளுக்கு மட்டும். அதில் நாலு பேர் சம்மதித்தார்கள். சுத்தம் செய்யும் செலவு ஆட்டுக் கணக்கின் வட்டியிலிருந்து. வெளியூரிலிருந்து திருவிழாவுக்கு வருகிற பெண்களுக்கும் அன்றைக்குத் திறந்திருக்கும்.

நாலு சாவியில் ஒன்று என் கடையில், பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. முதல் இரண்டு வாரம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் வந்து கேட்கக் கூச்சம் என்று அக்காதான் சொன்னார். ஆணியைக் கழற்றி வாசல் பக்கத் தூணில், பூக்கார அம்மா கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்தேன். இப்போது நாள் முழுக்கச் சாவி ஆணியில் நிற்பதே இல்லை.